சின்ன எஞ்சினில் பிஸ்டன், சிலிண்டர் தேய்மானம்: வெர்னியர் காட்டுவதை நம்பி ரிங் மட்டும் மாற்றலாமா?

கிக்கர்100

எல்லோருக்கும் வணக்கம். 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு ஸ்லீவ் (சிலிண்டரின் உள்ளுறை), போர் (பிஸ்டன் ஓடும் துளை) 50 மி.மீ. மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் நீலப்புகை கக்குகிறது. 1000 கி.மீ. ஓடுவதற்குள் ஆயில் டிப்ஸ்டிக்கின் அடிக்கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. ஹெட், பிளாக் இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறேன்.

வெர்னியரில் பார்த்தேன். போர் மேலே 50.02, கீழே 50.00. பிஸ்டன் 49.94. மேனுவலில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி புதிதில் 0.010 முதல் 0.040 வரை, லிமிட் 0.10 என்று போட்டிருக்கிறது. என் கணக்குக்கு 0.08 வருகிறது. அப்படியென்றால் ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்) மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடலாம் அல்லவா?

ஒரே ஒரு உறுத்தல். போரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

லேத்பட்டறை

தம்பி, மூடாதீங்க. அந்த நகம் மாட்டுற இடம்தான் உங்க முழுக் கதையும்.

மேல் ரிங் மேலே போய் நின்னு திரும்புற இடம் ஒண்ணு இருக்கு. அங்கதான் சூடு அதிகம், அழுத்தம் அதிகம், ஆயில் படலம் ரொம்ப மெலிசு. அதனால போர் தேயறது அங்கதான் முதல்ல. அதுக்கு மேல ரிங் போறதே இல்ல, அந்த இடம் தேயாம புதுசு மாதிரியே நிக்கும். தேஞ்ச இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் நடுவுல ஒரு படி விழும். அதைத்தான் மேடுன்னு சொல்றோம்.

உங்க வெர்னியரோட உள்தாடை அந்த மேட்டு மேலதான் உட்கார்ந்திருக்கும். போர்லயே சின்ன இடம் அதுதான், தாடை அதைத் தாண்டி கீழே விரியவே விரியாது. நீங்க அளந்தது ரிங் தொடாத இடத்தை! போதாததுக்குத் தாடை முனை தட்டை. வளைஞ்ச சுவர்ல தட்டை முனை வச்சா ரெண்டு ஓரம்தான் தொடும், அசல் விட்டத்தைவிடக் குறைச்சுத்தான் காட்டும். நீங்க தேடுறது 0.05, 0.10 கணக்கு. அதுக்கு வெர்னியர் ஆகாது.

முதல்ல அந்த மேடு கார்பனா உலோகமான்னு பாருங்க. பெட்ரோல்ல நனைச்ச துணியால துடைச்சு, மரக்குச்சியால சுரண்டுங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கார்பன்னா உதிர்ந்துடும். அதுக்கப்புறமும் நகம் மாட்டினா உலோக மேடு. அந்த மேட்டை விட்டுட்டுப் புது ரிங் போட்டா, புது ரிங்கோட கூரான விளிம்பு போய் அதுல இடிக்கும். ரிங் ஒடியும், இல்லேன்னா பிஸ்டன்ல ரிங் உட்கார்ற திட்டு உடையும்.

ஃபீலர்கேஜ்

அண்ணன் சொன்னது சரி. போர் கேஜ் (போரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் கருவி) கைக்கு வரும் வரை சும்மா இருக்க வேண்டாம், ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

மேல் ரிங்கைப் பிஸ்டனிலிருந்து கழற்றி போருக்குள் விடுங்கள். பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ரிங்கை மெல்லத் தள்ளுங்கள். அப்போதுதான் ரிங் சாயாமல் சமமாக நிற்கும். முதலில் மேட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, ரிங்கின் வாய் (கேப்) எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலரில் பாருங்கள். அடுத்து போரின் அடிப்பகுதி வரை தள்ளி, ரிங் அதிகம் உரசாத இடத்தில் மறுபடி பாருங்கள்.

விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல 3.14 மடங்கு சுற்றளவு கூடும். ரிங்கின் நீளம் மாறாது, எனவே கூடிய சுற்றளவு முழுவதும் வாயில்தான் தெரியும். மேல் கேப்பிலிருந்து கீழ் கேப்பைக் கழித்து 3.14 ஆல் வகுத்தால், மேலே எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது கிடைக்கும். ரிங் புதிதா பழையதா என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

கிக்கர்100

செய்து பார்த்தேன். கார்பன் உதிர்ந்த பிறகும் நகம் மாட்டுகிறது. மேட்டுக்குக் கீழே 0.75 ஃபீலர் லேசான இழுவையுடன் போகிறது. அடியில் 0.35. வித்தியாசம் 0.40. வகுத்தால் கிட்டத்தட்ட 0.127 வருகிறது. சரியாகத்தான் செய்திருக்கிறேனா?

ஃபீலர்கேஜ்

சரிதான். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உங்கள் மேனுவலில் புது ரிங்கின் கேப் எவ்வளவு? இந்த அளவு எஞ்சினுக்கு 0.10 முதல் 0.25 வரை இருக்கும் என்று நினைக்கிறேன். போரின் அடி கிட்டத்தட்டத் தேயாத இடம், அங்கேயே 0.35 என்றால் ரிங்கும் தன் பங்குக்குத் தேய்ந்திருக்கிறது. அடியில் கிடைத்த எண் ரிங்கைச் சொல்கிறது, வித்தியாசம் போரைச் சொல்கிறது.

ஒரு குறை உண்டு. ரிங் வட்டம் முழுவதையும் சேர்த்துச் சராசரியாகத்தான் சொல்லும். போர் எந்தப் பக்கம் ஓவலாகியிருக்கிறது என்பது இதில் தெரியாது. அதற்குப் போர் கேஜ்தான்.

புதுக்கை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கழற்றாமலே ரிங்கா வால்வா என்று கண்டுபிடிக்க வழி இல்லையா?

லேத்பட்டறை

இருக்கு. எஞ்சின் சூடா இருக்கும்போது, த்ராட்டில் முழுசாத் திறந்து கம்ப்ரெஷன் பாருங்க. அப்புறம் பிளக் ஓட்டை வழியா ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. நல்லா ஏறினா ரிங், போர் பக்கம் கசிவு. ஏறலேன்னா வால்வு பக்கம் சந்தேகம். புகையும் கொஞ்சம் சொல்லும்: இழுவையில புகைஞ்சா பெரும்பாலும் ரிங். ரொம்ப நேரம் ஐடில்ல விட்டுத் திருகினதும் ஒரு குப்பென்று வந்து நின்னா வால்வு சீலைப் பாருங்க. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற எஞ்சின் சிலதுல டீகம்ப்ரெஷன் (ஸ்டார்ட் பண்ணும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடற அமைப்பு) இருக்கும், அதுல கம்ப்ரெஷன் எண் குறைச்சலாத்தான் வரும், பயந்துடாதீங்க.

மைக்ரான்

கிக்கர், போர் கேஜ் கிடைத்ததும் அளக்கும் முறையை எழுதுகிறேன். நான் அளவுகோல்களோடு பிழைப்பவன். இந்த வேலையில் தவறு நேர்வதெல்லாம் கருவி பிடிக்கும் கையில்தான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போர் கேஜ் தானாக எந்த அளவையும் சொல்லாது, ஒப்பிட்டு மட்டும்தான் சொல்லும். மைக்ரோமீட்டரை 50.00இல் பூட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, கேஜை அதன் இரு முகங்களுக்கு நடுவே வைத்து டயலைப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு போருக்குள் விட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஊசி ஒரு பக்கம் போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வரும். அந்தத் திரும்பும் புள்ளிதான் உண்மையான விட்டம். அதற்கு முன்னும் பின்னும் கேஜ் சாய்ந்திருக்கிறது, அளவு கூடுதலாகக் காட்டும்.

ஊசி எந்தப் பக்கம் போனால் பெரியது, எந்தப் பக்கம் சிறியது என்று குழம்பாதவர் இல்லை. கேஜின் அசையும் முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊசி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது சிறிய போர்ப் பக்கம். இதை ஒரு தாளில் அம்புக்குறியாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று உயரங்கள்: மேட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசைகள்: பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) ஓடும் திசை, அதற்குக் குறுக்குத் திசை. மொத்தம் ஆறு எண்கள். கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் குறுக்குத் திசையில்தான் சுவரை அமுக்குகிறது, பெரிய எண் அங்கேதான் வர வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர், ஒரே உயரத்தில் இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். இடைவெளிக் கணக்குக்கு ஆறில் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும், சராசரியை அல்ல.

அடுத்தது வெப்பம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11. உங்கள் 50 மி.மீ. பிஸ்டன் வெறும் 10 டிகிரி சூடாக இருந்தாலே 0.0115 மி.மீ. பெரிதாகிவிடும். போர் அதே வெப்பத்தில் 0.0055தான் கூடும். புது இடைவெளியே 0.010இல் தொடங்குகிறது என்றால், இது விட்டுவிடக்கூடிய வித்தியாசமா? பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் நான்கையும் ஓர் இரவு முழுவதும் ஒரே மேஜையில், நிழலில் வைத்துவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். மைக்ரோமீட்டரின் வளைவை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள்.

கிக்கர்100

விரிவாக எழுதியதற்கு நன்றி சார். நண்பரிடம் போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வாங்கி, ராத்திரி முழுக்க மேஜையில் வைத்து, காலையில் அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை.

மேலே: குறுக்கில் 50.15, பின் திசையில் 50.11
நடுவில்: 50.07, 50.05
அடியில்: 50.01, 50.00

மேலே இரண்டின் சராசரி 50.13, அடியில் 50.005. வித்தியாசம் 0.125. ஃபீலர்கேஜ் சார், நீங்கள் சொன்ன ரிங் கணக்கில் வந்தது 0.127! ஒரு பழைய ரிங் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனால் பிஸ்டன்தான் திகிலாக இருக்கிறது. மைக்ரோமீட்டரில் 49.66. மேனுவலில் லிமிட் 49.90. பிஸ்டன் இவ்வளவா தேய்ந்துபோகும்?

லேத்பட்டறை

எந்த இடத்துல வச்சு அளந்தீங்க தம்பி?

கிக்கர்100

மேல் ரிங் பள்ளத்துக்கும் இரண்டாவது ரிங் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள பட்டையில்.

லேத்பட்டறை

அங்க புதுப் பிஸ்டனே அப்படித்தான் இருக்கும். பிஸ்டன் தலை நேரா நெருப்பைப் பார்க்குது, அதிகமா விரியும். அதனால மேல் பக்கத்தைச் செய்யும்போதே சின்னதாச் செய்வாங்க. கீழே ஸ்கர்ட் (ரிங் பள்ளங்களுக்குக் கீழ இருக்கற பிஸ்டன் சுவர்) பக்கம் வர வர அகலும். சுத்துவட்டமும் வட்டம் இல்ல, பின் திசையில குறுகல், குறுக்குத் திசையில அகலம். பின்னைத் தாங்குற இடத்துல உலோகம் கனம், அந்தப் பக்கம் சூட்டுல அதிகமா விரியும்னு விட்டு வைக்கிறது. ஓடும்போது சூடாகித்தான் அது வட்டத்துக்கு வரும்.

அதனால அளக்கற இடம் ஒண்ணே ஒண்ணு. பின்னுக்கு 90 டிகிரி குறுக்கே, ஸ்கர்ட்டோட அடி விளிம்பிலிருந்து மேனுவல் சொல்ற உயரத்துல. இந்த சைஸ் எஞ்சின் நிறையவற்றுல 10 மி.மீ. சொல்லியிருப்பாங்க. உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. மார்க்கர் பேனாவால கோடு போட்டுட்டு அளங்க.

கிக்கர்100

மேனுவலிலும் 10 மி.மீ.தான். கோடு போட்டு அளந்தேன். 49.93. நான்கு தடவையும் அதே எண்.

ஆக 50.15 கழித்தல் 49.93, இடைவெளி 0.22. லிமிட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். பிஸ்டன் தனியாகப் பார்த்தால் 49.90 லிமிட்டுக்குள் இருக்கிறது, ஜோடியாகப் பார்த்தால் போய்விட்டது. புது ஸ்டாண்டர்டு பிஸ்டன் 49.98 வாங்கிப் போட்டால்கூட 0.17 நிற்கும். முதல் நாள் நான் எழுதிய 0.08ஐ நம்பி மூடியிருந்தால்... நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

இரண்டுஸ்ட்ரோக்

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது மரம் அறுக்கும் ரம்பத்தையோ களைவெட்டியையோ பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். முதலில் உங்கள் சிலிண்டர் எந்த வகை என்று பாருங்கள். காந்தம் போர்ச் சுவரில் நன்றாக ஒட்டினால் இரும்பு ஸ்லீவ். ஒட்டாமல், சுவர் பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் நிக்கசில் அல்லது குரோம் பூச்சு. பூச்சு ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அதை ரீபோர் செய்து (போரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் (அதற்கேற்ற பெரிய பிஸ்டன்) போட முடியாது. பூச்சு உரிந்து கீழே அலுமினியம் தெரிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும், அல்லது மறுபூச்சு போட வேண்டும்.

அதே சமயம் பூச்சுச் சிலிண்டரில் கோடுகளைப் பார்த்ததும் தூக்கி எறியாதீர்கள். பல நேரம் அது பள்ளமே அல்ல, பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டியது. நகம் மேட்டில் ஏறினால் ஒட்டியது, பள்ளத்தில் இறங்கினால் கீறல். இரண்டுஸ்ட்ரோக்கில் அளக்கும்போது போர்ட் (சுவரில் உள்ள வாயுத் துளை) இருக்கும் இடத்தில் கேஜ் முனை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபீலர்கேஜ்

கிக்கருக்குத் திரும்புவோம். பெரிய எண் 50.15. முதல் ஓவர்சைஸ் 0.25, அதாவது 50.25. இன்னும் 0.10 மிச்சம் இருக்கிறது. 0.25 பிஸ்டன் வாங்கி ரீபோர் செய்துவிடலாம். 0.50க்குத் தாவினால் ஒரு சைஸ் வீணாகும், பிளாக்கின் ஆயுளில் ஒரு படி போகும்.

லேத்பட்டறை

இந்த இடத்துல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். விட்டத்தை வச்சுக் கணக்குப் போடறீங்க, அங்கதான் இடறுது.

போர் ரெண்டு பக்கமும் சமமாத் தேயாது. வெடிப்பு நடக்கும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவர்ல சாஞ்சுதான் இறங்குது, அந்தப் பக்கம்தான் அதிகம் தேயும். இப்ப பழைய மையத்தை வச்சுப் பாருங்க. புதுசுல மையத்திலிருந்து சுவர் 25.00. 0.25 ஓவர்சைஸ்னா ஒவ்வொரு பக்கமும் 0.125தான் வெட்டுவோம், சுவர் 25.125க்குப் போகும். தேஞ்ச 0.15ல 0.13 ஒரே பக்கம் தேஞ்சிருந்தா? டூல் அந்த இடத்தைத் தொடவே தொடாது. பழைய தேய்மானம் அப்படியே பளபளன்னு நிக்கும்.

மையத்தை நகர்த்தி வெட்டினா 0.25ல அடங்கும்னு சிலர் சொல்வாங்க. செய்யக்கூடாது. போர் கிராங்க் கேஸுக்கு நேரா இருக்கணும், ராடுக்கு நேரா இருக்கணும். அடியில தேயாத இடத்தை வச்சுத்தான் மையம் பிடிக்கணும்.

அதனால பிஸ்டனை இப்ப வாங்காதீங்க தம்பி. பிளாக்கைப் போர் மெஷின்ல ஏத்தி, அடியில மையம் பிடிச்சு, டயலை மேல கொண்டுபோய் எந்தப் பக்கம் எவ்வளவுன்னு பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் சைஸ் முடிவு பண்ணுங்க.

ஃபீலர்கேஜ்

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. ஒரு பக்கத் தேய்மானத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மைக்ரான்

சைஸ் எதுவானாலும், இந்தப் போர் ஏன் தேய்ந்தது என்று கேட்டீர்களா? காரணம் தெரியாமல் புதுப் பிஸ்டனைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிஸ்டனை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்கர்ட்டின் நான்கு மூலைகளில், பின்னுக்கு இருபுறமும் இழுவைத் தடம் என்றால் அதிகச் சூடு. அமுக்கும் முகத்தில் மட்டும் கருத்த இழுவை என்றால் ஆயில் பற்றாக்குறையைச் சந்தேகப்படலாம். தடம் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாகச் சாய்ந்து ஓடினால் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கர்ட் முழுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கிய சாம்பல் நிறம், மெல்லிய நெட்டுக்கோடுகள், ரிங்குகளும் மங்கல் என்றால் அது தூசி.

கிக்கர்100

கடைசியாகச் சொன்னதுதான் சார். பிஸ்டனில் இயந்திரம் கடைந்த பழைய கோடுகளே தெரியவில்லை, எல்லாம் சாம்பல். ஏர் ஃபில்டரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. குழப்பமாகிவிட்டது. பிறகு ஃபில்டர் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியை விட்டேன். பழுப்பாக வந்தது. கிளிப் இறுக்கும் இடத்தின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு வெடிப்பு. விரலால் மடக்கினால்தான் வாய் திறக்கிறது. ஃபில்டரைத் தாண்டி நேராக மண் உள்ளே போயிருக்கிறது.

லேத்பட்டறை

அந்தக் குழாயை மாத்தாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

கிக்கர்100

மாற்றிவிட்டேன் அண்ணே.

பிளாக்கும் முடிந்தது. மெஷினில் அடியில் மையம் பிடித்து டயலை மேலே கொண்டுபோனபோது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அமுக்கும் பக்கம் 0.11, எதிர்ப்பக்கம் 0.04. 0.25இல் வெட்டினால் அந்தப் பக்கம் மிஞ்சுவது 0.015. ஹோனிங்குக்குக்கூட (கல்லால் தேய்த்துச் சுவரைச் சீராக்குவது) போதாது என்று 0.50க்கே போனோம். புதுப் பிஸ்டனை முதலில் அளந்தோம், 50.475. அந்தப் பிஸ்டனுக்காகப் போரை 50.500இல் நிறுத்தச் சொன்னேன்.

லேத்பட்டறை

பெட்டியில போட்டிருக்கற எண்ணை நம்பாம பிஸ்டனை அளந்து போர் அடிச்சது ரொம்ப சரி. ஹோனிங் கோடு எப்படி இருக்கு? குறுக்கும் நெடுக்குமா வலை மாதிரி தெரியணும். ஆயில் அந்தக் கோட்டுலதான் தங்கும்.

இப்ப கழுவறதுல அலட்சியம் வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் மட்டும் போட்டா கல்லுப் பொடி கோட்டுக்குள்ளயே உட்கார்ந்துக்கும். சுடுதண்ணி, சோப்பு, பிரஷ் போட்டுத் தேய்ங்க. வெள்ளைத் துணியில கொஞ்சம் ஆயில் தொட்டு போரைத் துடைச்சுப் பாருங்க. சாம்பல் வந்தா மறுபடி கழுவுங்க. சுத்தமானதும் உடனே ஆயில் பூசுங்க, இல்லேன்னா பார்த்துக்கிட்டு இருக்கும்போதே துரு பிடிக்கும்.

கிக்கர்100

ஐந்து முறை கழுவினேன். நான்காவது துணியில் லேசாகச் சாம்பல் இருந்தது, ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. கோடுகள் வலை போலத் தெரிகின்றன.

ராத்திரி மேஜையில் வைத்து, காலையில் அதே ஆறு இடங்களில் அளந்தேன். குறுக்கில் மேலிருந்து கீழாக 50.50, 50.50, 50.50. பின் திசையிலும் அதேதான், நடுவில் மட்டும் ஊசி அரைக் கோடு கூடுதலாக நின்றது. புது ரிங்கை மேலே வைத்தால் 0.20 ஃபீலர் போகிறது, 0.25 போகவில்லை. அடியிலும் அப்படியே. பள்ளத்தில் ரிங்கின் பக்க இடைவெளி 0.03.

ரிங்கில் எழுத்து இருக்கும் முகத்தை மேலே வைத்து, வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். பின்னின் சர்க்ளிப் இரண்டும் புதிது. பிஸ்டன் தலையில் உள்ள குறி இன்டேக் பக்கம் பார்க்கிறது. நாளைக் காலையில் பிளாக்கை இறக்குகிறேன்.